அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில்: ஓர் உதவிப் பேராசிரியையின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் கல்லூரியும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தந்தை மின்வாரியத்தின் குந்தா மின்நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்த மகள், இரவுப் பணி முடிந்து கம்பளிக் குல்லாயோடு வீடு திரும்பும் அப்பாவைப் பார்த்தே மின் பொறியியல் படிக்க வேண்டும் என்று முடிவு செய்ததாக எழுதுகிறார். பி.இ., எம்.இ. முடித்து, 2015 ஜூனில் கோவை மாவட்டத்தில் உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். இன்றும் அதே பதவியில்தான் இருக்கிறார். மாதச் சம்பளம் 34,000 ரூபாய். அதுவும் இரண்டு மாதம் தள்ளியே கைக்கு வருகிறது. 2020 ஜூலையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தார். நம் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகளை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவிகள் மூலம் இயக்கும்போது மின்சாரத்தின் தரம் எப்படிக் கெடுகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதே ஆய்வுத் தலைப்பு. ஆய்வேடு முக்கால் பங்கு எழுதப்பட்டுவிட்டது. நெறியாளர் அதே கல்லூரியின் துறைத்தலைவர்.

இப்போது கோவையில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரி 48,000 ரூபாய் சம்பளத்தில் வேலை தருவதாகச் சொல்லி, பிப்ரவரியில் அசல் சான்றிதழ்களுடன் சேருமாறு கேட்டிருக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்த நாளில் ஒப்படைத்த சான்றிதழ்கள் ஆறும் பழைய கல்லூரியின் அலமாரியில் இருக்கின்றன. மூன்று மாதச் சம்பளமும், ஆய்வுக்கு அனுமதி தரும்போது எழுதி வாங்கிய பாண்டு பத்திரத்தின்படி இரண்டு லட்சம் ரூபாயும் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. ‘சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்’ என்கிறார்கள் தோழிகள். ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வா, ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது’ என்கிறார் பக்கவாதத்திலிருந்து தேறிவரும் தந்தை. கோத்தகிரியிலேயே வழக்குப் போடலாமா, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமா, வேலையை விட்டால் முனைவர் பட்டப் பதிவும் போய்விடுமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மலையிலிருந்து இறங்கிப் போய்ச் சமவெளிக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இதே கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். கடிதம் முழுவதும் ‘அடகு’ என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். சான்றிதழ்களை அடகு வைத்துவிட்டோம், பணம் கட்டித்தான் மீட்க வேண்டும் என்று மனதளவில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். சட்டத்தின் பார்வையில் அங்கே அடகு எதுவும் நடக்கவில்லை.

அந்தத் துண்டுச் சீட்டு

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நகல்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிந்தது, நீங்கள் ‘இதனால் பயன் இருக்குமா தெரியவில்லை’ என்று குறிப்பிட்டிருந்த அந்தப் பாதித் தாள்தான். கல்லூரி முத்திரை, எழுத்தரின் சுருக்கொப்பம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.இ. பட்டச் சான்றிதழ் வரை ஆறு வரிகள். மேலே ‘சரிபார்ப்புக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற தலைப்பு. தேதி இல்லை. இருந்தாலும் ‘சரிபார்ப்புக்காக’ என்ற அந்த ஒரே சொல் போதும்.

ஒரு நோக்கத்துக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, அந்த நோக்கம் நிறைவேறியவுடன், கேட்காமலேயே திருப்பித் தருவது பெற்றுக்கொண்டவரின் கடமை என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 160-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலை 2015-லேயே முடிந்துவிட்டது. பாக்கிக்காக ஒருவருடைய பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொதுவான பற்றுரிமையை அதே சட்டத்தின் 171-ஆவது பிரிவு வங்கியாளர் உள்ளிட்ட சில வகையினருக்கு மட்டுமே தருகிறது. மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் அனுப்பிய நியமன ஆணையிலோ பாண்டு பத்திரத்திலோ சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்வதாக ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றையும் சொல்கிறேன்: கட்டணம் தராத கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்குக்கூடக் கிடையாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எங்களுக்கே இல்லாத உரிமை கல்லூரிக்கு எப்படி வரும்?

கல்விச் சான்றிதழ் விற்கவோ வாங்கவோ கூடிய சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அறிவுறுத்தியிருக்கிறது. இவை உங்கள் நிர்வாகத்துக்கும் தெரியும். உங்களிடம் வாய்மொழியாக மட்டும் பேசுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் தரப்பில் எல்லாமே எழுத்தில் இருக்கட்டும்.

‘தொலைந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்

தோழிகள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த யோசனையைக் கண்டிப்பாகக் கைவிடுங்கள். ‘மேட்டுப்பாளையம் பேருந்தில் பை தொலைந்தது’ என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்கி, அதை வைத்து நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, தெரிந்தே பொய்த் தகவல் தருவதாகும். அது குற்றம். பிற்காலத்தில் அரசுக் கல்லூரிப் பணிக்கு நீங்கள் தேர்வானால், அந்த ஒரு தாள் உங்கள் நியமனத்தையே கேள்விக்குள்ளாக்கும்.

இதைவிட நேரடியான ஓர் இழப்பும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஆசிரியர் இப்படியே செய்து நகல் வாங்கியிருந்தார். பிறகு சம்பள பாக்கிக்காகக் கல்லூரி மீது வழக்குத் தொடர வேண்டிய நிலை வந்தது. சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்தது என்பதுதான் அவருடைய முதல் குற்றச்சாட்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை பேருந்தில் தொலைந்தன என்று அவரே கையெழுத்திட்டிருந்தார். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்த ஒரு மனிதர், அந்த ஒரு கையெழுத்தால் வாய் திறக்க முடியாமல் என் எதிரே உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. டிஜிலாக்கர் கணக்கைத் திறந்து, உங்கள் மதிப்பெண் பட்டியல்களிலும் பட்டச் சான்றிதழ்களிலும் எவை கிடைக்கின்றன என்று பாருங்கள். அதில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்கு இணையானவை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான விதிகள் சொல்கின்றன. கிடைப்பவற்றோடு துண்டுச் சீட்டின் நகலையும் புதிய கல்லூரிக்கு அனுப்பி, உள்ள நிலைமையை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். ஆசிரியர் தேர்வில் அனுபவமுள்ள எந்த முதல்வருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

மூன்று மாதமும் இரண்டு லட்சமும்

இங்கே உங்கள் எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. சான்றிதழ் விஷயத்தில் கல்லூரி செய்வது தவறு என்பதாலேயே, மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் நினைத்தபடி வெளியேறலாம் என்று ஆகிவிடாது. நியமன ஆணையில் மூன்று மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் என்று இருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பிப்ரவரியில் திடீரென்று நின்றுவிட்டால் அந்தத் தொகையைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதோடு, இறுதியாண்டுச் செயல்திட்டக் குழுக்கள் இரண்டுக்கு நீங்கள் வழிகாட்டி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாணவர்களும் உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. இந்த மாத இறுதியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் முன்னறிவிப்புக் காலம் ஏப்ரல் கடைசியில் முடியும். பருவப் பாடங்களும் பெரும்பாலும் அப்போது முடிந்திருக்கும். புதிய கல்லூரியிடம் ஜூன் வரை அவகாசம் கேளுங்கள். பருவத்தின் நடுவே வகுப்பை விட்டு வராத ஓர் ஆசிரியரை எந்த நல்ல கல்லூரியும் குறைவாக மதிப்பிடாது.

பாண்டு பத்திரம் வேறு விஷயம். ‘அதெல்லாம் செல்லாது’ என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குறைந்தபட்சப் பணிக்காலம் முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டித் தேர்வு நடத்தி ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனத்தின் செலவும் சிரமமும் அந்தத் தீர்ப்பின் பின்னணியில் இருந்தன. உங்கள் நிலைமை வேறு. ஆய்வுக் கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டினீர்கள். கல்லூரி தந்தது ஒரு பருவம் வாரத்துக்கு இரண்டு நாள் அனுமதி மட்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். தனக்கு என்ன இழப்பு என்பதைக் கல்லூரி நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். ‘பட்டம் பெற்ற பின் மூன்று ஆண்டு’ பணியாற்ற வேண்டும் என்று பத்திரத்தில் உள்ள வாசகமும், பட்டம் வரும் முன்பே விலகுபவருக்குப் பொருந்துமா என்று வாதிட இடம் தருகிறது. இரண்டு லட்சத்தையும் கட்ட நேரிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை என்று உறுதி சொல்லவும் மாட்டேன். அவர்கள் கேட்பதானால் தனியாக வழக்குப் போட்டுக் கேட்கட்டும். சான்றிதழைத் திருப்பித் தருவதோடு அதை இணைத்துப் பேச நீங்கள் சம்மதிக்கவே கூடாது.

எந்தக் கதவைத் தட்டுவது

தொழிலாளர் நீதிமன்றம் உங்களுக்கு உதவாது. ஆசிரியர், சட்டம் சொல்லும் பொருளில் ‘தொழிலாளி’ அல்லர் என்று 1988-இல் உச்சநீதிமன்றம் தீர்மானித்துவிட்டது. கோத்தகிரியில் வழக்குப் போடுவதும் இயலாது. கல்லூரி இருப்பதும், சான்றிதழை வாங்கியதும், மறுத்ததும் கோவை மாவட்டத்தில். ஆகவே உரிமையியல் வழக்கும் அங்கேதான். சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம். உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு (பொது அமைப்புகள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரும் மனு) என்றால் சென்னைக்குப் போக வேண்டும். தனியார் கல்லூரியின் வெறும் பணி ஒப்பந்தத் தகராறுகளுக்கு ரிட் கிடையாது என்று 2022-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருப்பதால், சம்பளத்தையும் பாண்டையும் அதில் கலக்காமல், சான்றிதழ் குறித்த உங்கள் புகாரின் மேல் பல்கலைக்கழகமும் கல்விக் குழுவும் நடவடிக்கை எடுக்க உத்தரவிடுமாறு மட்டும் கேட்பது பொருத்தம்.

ஆனால் என் அனுபவத்தில் இத்தகைய தகராறுகளில் பாதிக்கு மேல் வழக்குவரை போவதில்லை. முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் முதல்வருக்கும் செயலாளருக்கும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அதன் நகல் பல்கலைக்கழகத்துக்கும் கல்விக் குழுவுக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். கோவையில் வழக்கு நடத்தவும் அவர்கள் வழி செய்வார்கள்.

முனைவர் பட்டம்தான் முதலில்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது சான்றிதழ் விவகாரம் அன்று. ‘ஆய்வை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது’ என்ற கடைசிப் பக்க வரிதான். தயவுசெய்து விடாதீர்கள். வரும் ஜூலையில் ஆறாண்டு முடிந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் பதிவுக்குப் பொருந்தும் 2016-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், ஆறு ஆண்டுக்கு மேல் பெண்களுக்கு இரண்டு ஆண்டு தளர்வு தரலாம் என்கின்றன. ஆனால் அது தானாக வந்துவிடாது. ஆறாண்டு முடிவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பங்குனிக்குள் அந்த விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.

பதிவு உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலானது. வேலை மாறினால் புதிய நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காகப் பதிவு ரத்தாகாது. நெறியாளர் கையெழுத்துப் போட மறுப்பாரோ என்ற அச்சம் புரிகிறது. அவர் உங்கள் துறைத்தலைவர் என்ற நிலையில் நிர்வாகத்தின் ஆள். நெறியாளர் என்ற நிலையில் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ராஜினாமாவை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன், அவரைத் தனியாகப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள். ஆய்வேட்டை எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்பதையும் அதே பேச்சில் சொல்லுங்கள். அதன் பிறகு, அன்றைய உரையாடலைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஐந்தரை ஆண்டு உங்களோடு உழைத்தவர் அவர்; அடுத்தவர் வாயால் இதைக் கேட்கும் நிலையை அவருக்கு ஏற்படுத்தாதீர்கள். நெறியாளரை மாற்றுவது விதிப்படி இயலும். ஆனால் இவ்வளவு தூரம் வந்த பின் அதைக் கடைசி வழியாகவே வைத்திருங்கள். தொழிற்சாலையில் எடுத்த அளவீடுகளின் ஒரு படி கல்லூரிக் கணினியில் மட்டும் இருந்தால், இன்றே உங்கள் கைக்கு ஒரு படி வரட்டும்.

பத்தாண்டு முடித்தும் இணைப் பேராசிரியர் ஆக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். ஆண்டுகளை மட்டும் வைத்து அது கிடைப்பதில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டம், எட்டாண்டு அனுபவம், அதில் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு, அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் ஆறு கட்டுரைகள் ஆகியவை வேண்டும். எட்டாண்டை நீங்கள் எப்போதோ கடந்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் அந்த இரண்டாண்டுக் கணக்கு, பட்டம் வாங்கும் நாளில்தான் ஓடத் தொடங்கும். பட்டம் ஓராண்டு தள்ளினால் மற்றதெல்லாம் ஓராண்டு தள்ளும். நீங்கள் விலகுவதா இருப்பதா என்பதைவிட, வரும் ஆறு மாதத்தில் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறதா என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

‘மின் பொறியியலுக்கு இனி மாணவர்களே வரமாட்டார்கள்’ என்பது உங்கள் இன்னொரு கவலை. சேர்க்கை ஏறுவதும் இறங்குவதும் எல்லாத் துறைகளுக்கும் நேர்கிறது. உங்கள் அப்பா வேலை பார்த்த குந்தாவிலேயே, 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தின் கட்டுமானம் நடந்துவருகிறது. சூரிய மின்சாரமும் மின்வாகனங்களும் பெருகப் பெருக, மின்தரம் பற்றி ஆராய்ந்தவர்களின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

வர வேண்டிய பணம்

ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னது தவறு. பணிக்கொடைச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தம் ஆசிரியர்களையும் 1997 ஏப்ரல் 3 முதல் சேர்த்தது. அது செல்லும் என்று 2022-இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. ஐந்தாண்டுத் தொடர்பணி இருந்தால், ராஜினாமா செய்தாலும் உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 என்கிறீர்கள். ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம், 26 நாள் மாதக் கணக்கில், 15,000 ரூபாய். ஏப்ரலில் உங்களுக்குப் பத்தாண்டு பத்து மாதம் ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். ஆக 1,65,000 ரூபாய். தராவிட்டால் இதற்கு மட்டும் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் போகலாம்.

2020-இல் பாதியாகக் குறைத்த சம்பளத்தைக் கேட்க மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது. அந்த பாக்கியை அவர்கள் காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்ட கடிதம் ஏதும் இல்லாவிட்டால் அதை மறந்துவிடுங்கள். இப்போதைய இரண்டு மாத நிலுவையைக் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். விலகிய பிறகு, தொழில்நுட்பக் கல்விக் குழுவின் தளத்திலும் பல்கலைக்கழகப் பட்டியலிலும் உங்கள் பெயர் பழைய கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதா என்பதையும் சரிபாருங்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளில் காட்டப்பட்டதாக 2024-இல் எழுந்த சர்ச்சையை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அறியாமலேயே உங்கள் பெயர் அப்படி ஓர் இடத்தில் நீடிக்க விடாதீர்கள்.

அப்பாவுக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கோத்தகிரி வந்து போக முடிகிற தூரத்தில்தான் புதிய கல்லூரியும் இருக்கிறது. ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகு, இதே கேள்வியை அவரோடு உட்கார்ந்து மறுபடியும் பேசுங்கள்.

இறுதியாக ஒன்று. சான்றிதழ்களைத் திருப்பித் தரும் நாளில், ‘எனக்குக் கல்லூரியிடமிருந்து வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். ஆறு சான்றிதழ்களையும் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணி, ‘ஆறு அசல் சான்றிதழ்கள் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையால் தேதியோடு எழுதிக் கொடுங்கள். பழைய துண்டுச் சீட்டைக் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள்.